கால் மரத்துப் போனால் காத்திருக்காதீர்கள்

வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போய் இரண்டு வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் பாதம் மரத்தாற்போல் தோன்றும். மறுநாள் லயத்துப் படி ஏற முடியாது. "பனியில படுத்தான், வாதம் பிடிச்சிக்கிச்சு" என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட ஆள் தேடுவோம்.

தோட்டத்து அன்பர்களே, அப்படி நாளைக் கடத்தாதீர்கள். இரு கால்களிலும் பலவீனம் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போனால் அது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைவரை ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள், ஆள் தெரியாமல் நம் நரம்பையே தாக்குகிறது. சரியாக வேகாத கோழிக்கறியில் இருக்கும் ஒரு கிருமி அடிக்கடி இதற்கு வழி வைக்கிறது. அந்த எதிர்ப்பொருள் மிதப்பது பிளாஸ்மாவில். ரத்தத்தில் பாதிக்கு மேல் இருக்கும் வைக்கோல் நிறத் திரவம்தான் பிளாஸ்மா. 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் இருக்கும்.

இந்தப் பிளாஸ்மாவை மாற்றுவது ஒரு சிகிச்சை. பெரிய ரத்தக் குழாயில் குழாய் செருகி, ரத்தத்தை இயந்திரத்துக்குள் விடுவார்கள். அணுக்கள் உடம்புக்கே திரும்பும். பிளாஸ்மாவைக் கொட்டிவிட்டு, அதற்குப் பதில் ஆல்புமின் என்ற புரதக் கரைசலை ஏற்றுவார்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாளாக நாலைந்து தடவை.

டயாலிசிஸ் மாதிரிதானே என்பீர்கள். பார்க்க அப்படித்தான், வேலை வேறு. டயாலிசிஸ் சல்லடையில் யூரியா போன்ற சின்னக் கழிவுதான் போகும். எதிர்ப்பொருள் உருவில் பெரியது, அதில் நுழையாது.

வட அமெரிக்காவில் 245 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1985-இல் வெளிவந்தது. பிளாஸ்மா மாற்றியவர்கள் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். முதல் வாரத்திலேயே தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல். எண்ணெய் தேய்த்துக் கழிக்கும் நாள் இந்தக் கணக்கில்தான் கழிகிறது! நரம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் இதற்குச் சமமான பலன் தரும் என்று 1992-இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. எது பொருத்தம் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

சிகிச்சையின்போது உதடு, விரல்நுனி சுறுசுறுவென்றால் வெட்கப்படாமல் உடனே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது. தலைசுற்றினாலும் சொல்லுங்கள்.

கெட்டுப்போன நரம்பை இச்சிகிச்சை ஒட்டவைக்காது, மேலும் கெடாமல் தடுக்கும். நரம்பு தானாகத் தேற மாதக்கணக்காகும். "ரத்தத்தைச் சுத்தம் பண்றோம்" என்று நோயில்லாதவரிடமும் இதை விற்பவர்கள் உண்டு. அது வீண் செலவு என்பதே நம் கருத்து.

படுத்துக்கிடந்தால் சம்பளம் போகுமே என்ற பயம் வேறு. தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி மருத்துவமனையில் தங்குவதற்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 2023 முதல் இது சாதாரண எம்.சி. நாட்களோடு சேராமல் தனிக் கணக்கு. படுக்கையில் சேர்த்த அன்றே வீட்டார் கிராணியிடம் தெரிவித்துவிடுங்கள், சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.