மிச்சத்தின் கலை – 9: சூளைக்குப் போகும் சிந்தி

மும்பை தாராவியின் 13ஆம் காம்பவுண்டில், பிளாஸ்டிக்கைத் தட்டிச் சத்தம் கேட்டும், முனையைக் கொளுத்திப் புகையை மோந்தும் ரகம் பிரிக்கிற கைகளோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து வருகிறவர்களுக்கு அதற்கு மேல் முன்கதை வேண்டியிருக்காது.

பெயின்ட் டின்னையும் நீலப் பீப்பாயையும் தாளவாத்தியமாக்கிய தாராவிப் பிள்ளைகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு துணி மூட்டை குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

தாராவியில் தையல் யூனிட்டுகள் இருக்கிற எந்தச் சந்தில் நுழைந்தாலும் வாசலில் அந்த மூட்டையைப் பார்க்கலாம். வெட்டு மேஜையிலிருந்து விழுந்த துண்டுத்துணி. சிந்தி என்பார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மூன்று நான்கு தலைமுறையாக அங்கே வாழும் நம்மவர்கள் வாயிலும் அதே சொல்தான். கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். டி-ஷர்ட்டின் கழுத்துக்காக வெட்டியெடுத்த அரைவட்டம். கைக்குழியில் விழுந்த பிறை. காலர் வளைவில் கழிந்த ஒல்லி நாடா. துணியைப் பல மடிப்பு அடுக்கி ஒரே வீச்சில் வெட்டுகிறார்கள் அல்லவா, அதனால் எல்லா அரைவட்டமும் ஒரே அளவு, ஒரே வளைவு. மேலே ஓரம் மட்டும் லேசாகச் சுருண்டிருக்கும். பின்னல் துணி வெட்டுப்பட்டால் தானாகவே சுருளும். கொலாஜ் செய்கிறவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்குகிற வடிவங்களெல்லாம் இங்கே தரையில் கிடக்கின்றன.

இந்த மூட்டைகளில் ஒரு பங்கு மெஷின் துடைக்கப் போகும். ஒரு பங்கு தலையணைக்குள் போகும். இன்னொரு பங்கு போகிற இடம்தான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கும்பர்வாடாவின் சூளைக்குப் போகிறது.

கும்பர்வாடா, தாராவியின் குயவர் குடியிருப்பு. சௌராஷ்டிரத்திலிருந்து பிழைக்க வந்த குயவர்களின் வழிவந்தவர்கள் பல தலைமுறையாக 90 அடிச் சாலையை ஒட்டி அங்கே மண் பிசைகிறார்கள். வீடுகளுக்கு நடுவே முற்றம், முற்றத்தில் செங்கல்லால் கட்டிய கூரையில்லாச் சூளை. ஒரு சூளையைச் சில குடும்பங்கள் முறை வைத்து எரிப்பதும் உண்டு. மும்பையின் நடுவில் விறகுக்கு எங்கே போவது? தையல் மேஜையில் கழிந்த பருத்தித் துணிதான் எரிபொருள். சட்டைக்கு உதவாத துண்டு, சட்டிக்கு உதவுகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பருத்தியை உதிரியாகப் போட்டால் குப்பென்று பற்றி நொடியில் சாம்பலாகும். மண் பாண்டம் அந்தத் திடீர்ச் சூட்டில் வெடித்துவிடும். பச்சை மண்ணுக்குள் இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதனால் துணியை நெருக்கித் திணிக்கிறார்கள். காற்று புக இடம் குறைந்தால் தீ ஓடாது, ஊர்ந்து போகும். சூடு படிப்படியாக ஏறும். எத்தனை இறுக்கம் என்பதற்கு அளவுகோல் கிடையாது, திணிக்கிற கைக்குத்தான் அது தெரியும். சென்ற வாரம் பிளாஸ்டிக்கில் பார்த்த அதே அறிவு இங்கே துணியில். இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதும் இதுதான்: பிரிப்பதும் தொட்டுப் பார்ப்பதும் கலைக்கு முந்திய வேலை அல்ல. கலை அங்கேதான் தொடங்குகிறது.

கார்த்திகைக்கு மாட்டுங்கா கிழக்கில் அகல் வாங்குகிற நம் வீட்டுப் பெண்கள், செம்பூரில் கோலத்தின் நடுவே விளக்கு வைக்கிறவர்கள், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கும்பர்வாடா அகல் என்றால் அதைச் சுட்டது ஏதோ ஒரு டி-ஷர்ட்டின் கழுத்துத்துண்டாக இருக்கலாம். இப்போது அதில் எரியப்போகும் திரியும் பருத்தி. பஞ்சு ஒரு முறை வெளியே நின்று எரிந்து மண்ணைக் கெட்டியாக்கியது, அடுத்த முறை உள்ளே நின்று எரிகிறது. இதை அறிந்த நாளிலிருந்து எந்த அகலைக் கையிலெடுத்தாலும் அடியில் கரும்புகைத் தடம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறேன்.

புகையைப் பற்றியும் பேசியாக வேண்டும். இன்றைக்குச் சுத்தப் பருத்தி மூட்டை குறைவு. பாலியஸ்டர் கலந்த துணிதான் அதிகம் விழுகிறது. அது எரிந்தால் உருகும், புகை காட்டமாகும், சூளைக்குப் பக்கத்திலேயே சமைத்துத் தூங்குகிற குடும்பங்களின் நெஞ்சில் போய் இறங்கும். மறுபயன்பாடு என்று ரசிக்கிற நாம் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கலப்புத் துணியை ஆரம்பத்திலேயே பிரித்து வேறு வேலைக்கு அனுப்புவதுதான் வழி. மறுபடியும் பிரிக்கிற கையிடமே வந்து நிற்கிறோம்.

சரி, எரிக்காமல் வைத்தால்? மராட்டியப் பெண்களின் கோதடி இருக்கிறது. பழைய ஒன்பது கஜப் புடவையை மடித்து அடுக்கி, நடுவில் கிழிசல்களை நிரப்பி, விளிம்பிலிருந்து உள்நோக்கி நூல் ஓட்டிக்கொண்டே வந்து ஒரு போர்வையாக்கிவிடுவார்கள். எந்தத் துண்டு எங்கே என்பதை முன்கூட்டி யாரும் வரைவதில்லை. கைக்கு அடுத்து வருகிற துண்டு கேட்கிற இடத்தில் அது உட்காரும்.

இதே கதை கடல் கடந்தும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்துவந்தார்கள். 1966இல் அந்தப் பகுதியில் பெண்களின் தையல் கூட்டுறவு ஒன்று உருவானது. 1972இல் சியர்ஸ் நிறுவனம் அவர்களிடம் கார்டுராய் தலையணை உறை தைக்கக் கொடுத்தது. உறை வெட்டியதுபோக மீந்த துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அதுவரை அங்கே பழக்கமில்லாத தடிப்பும் அழுத்தமான நிறமும் கொண்ட அந்த வரித்துணி, போர்வைகளின் முகத்தையே மாற்றிவிட்டது. 2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் சுவரில் நவீன ஓவியங்களுக்கு நிகராகத் தொங்கின. தலையணை உறை வேலை வராமல் போயிருந்தால் அந்தக் கார்டுராய்ப் போர்வைகள் பிறந்திருக்காது. பொருள் மாறியது, அதனால் கற்பனை மாறியது. வரிசை எப்போதும் இப்படித்தான். என்ன செய்யலாம் என்று வெறுங்கையோடு உட்கார்ந்து யோசிப்பவருக்கு ஒன்றும் தோன்றாது. மடியில் துண்டுகளைக் கொட்டிக்கொண்டு உட்காருங்கள். தானாகத் தோன்றும்.

தாராவியிலும் துணி ஒரு பெரிய வேலையைச் செய்திருக்கிறது. 2015 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே ஒரு கலைவிழா நடந்தது. தாராவி பியனாலே, இன்னொரு பெயர் ‘ஆலி கல்லி பியனாலே’. துணியும் மண்ணும் மறுசுழற்சிப் பொருளும் கொண்டு, தங்கள் உடல்நலத்தையும் வாழ்க்கையையும் பற்றி அங்கேயே வசிக்கிறவர்கள் கலைஞர்களோடு சேர்ந்து செய்த படைப்புகள். அதில் ஒன்று தாராவியின் வரைபடம், முழுக்கத் துணியில். பெண்கள் எங்கெங்கே அடிபட்டார்கள், வன்முறைக்கு ஆளானார்கள் என்பதை அந்தப் பெண்களே தைத்துக் காட்டினார்கள். போலீஸ் நிலையத்தில் சொல்லக் கூசுகிற ஒன்றை, பத்துப் பேரோடு உட்கார்ந்து ஊசி ஓட்டுகிறபோது சொல்ல முடிகிறது. கண்கள் துணியில் இருக்கும், எதிரே இருப்பவரை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. தையல் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிதாக இருக்காது.

விழாவை நடத்தியது ஸ்நேஹா என்ற தொண்டு நிறுவனம். டேவிட் ஓஸ்ரின் என்ற மருத்துவரும், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பணிகளை வழிநடத்திய நய்ரீன் தாருவாலாவும் முன்னின்றார்கள். ஸ்நேஹாவை 1999இல் தொடங்கியவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ், தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்தவர். 1989இல் அங்கே தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியவரும் அவர்தான். ஆசியாவிலேயே முதலாவது. ஒரு தாய்க்கு மிஞ்சிய பால், பால் கிடைக்காமல் துவண்ட இன்னொரு குழந்தைக்கு. மிச்சத்தின் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் கண்டுகொண்டவர் இருக்க முடியாது. அவர் தொடங்கிய அமைப்பே பின்னாளில் ஒரு கலைவிழாவை நடத்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, மகிழ்ச்சி மட்டும் நிறைய.

அடுத்த ஆண்டு, 2016 பிப்ரவரியில், ஜோர்ஹே மான்யெஸ் ரூபியோவும் அமாண்டா பினாதியும் ஒரு தள்ளுவண்டியையே அருங்காட்சியகமாக்கித் தாராவிக்குள் உருட்டினார்கள். டிசைன் மியூசியம் தாராவி. டீக்கோப்பை, துடைப்பம், தண்ணீர்ப் பாத்திரம் என்று அங்கேயே உருவானவை காட்சிப்பொருள்கள். அது தனி அத்தியாயத்துக்கு உரியது, இங்கே ஓரமாகக் குறித்துவைக்கிறேன்.

ஒரு கவலையை மட்டும் ஒத்திப்போட முடியாது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. கழிப்பறையும் காற்றும் உள்ள வீடு ஒவ்வொருவருக்கும் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் சூளைக்கு முற்றம் வேண்டும். பத்தாவது மாடியில் பானை சுட முடியாது. சிந்தி மூட்டையைக் கொட்டிப் பிரிக்கத் தரை வேண்டும். வெட்டு மேஜையும் சூளையும் தையல்காரியும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால்தான் ஒருவருடைய கழிவு இன்னொருவருடைய கச்சாப்பொருள் ஆகிறது. இவர்களை நாலு திசைக்குப் பிரித்து அனுப்பினால் மூட்டை நேராகக் குப்பை மேட்டுக்குத்தான் போகும். வரைபடம் போடுகிறவர்கள் குடும்பங்களை எண்ணும்போது முற்றங்களையும் எண்ண வேண்டும்.

தோல் துண்டுகளைப் பற்றி எழுத இடமே இல்லாமல் போய்விட்டது. பதனிடும் தொழிலுக்காகத்தான் நம்மவர்களில் ஒரு பெரும்பகுதி தாராவிக்கு வந்தது. பெல்ட்டும் பையும் வெட்டியதில் மீந்த தோலைத் துணியோடு சேர்ப்பது தனி வித்தை, ஊசியும் நூலும் பசையும் எல்லாமே அங்கே மாறும். பசை என்றதும் வஜ்ஜிரம் நினைவுக்கு வருகிறது: தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சியெடுத்த அந்தக் காலத்துத் தச்சர் பசை. அதன் இடத்தைப் பிடித்த வெள்ளைப் பசையான ஃபெவிகால், 1959இல் இதே மும்பையில் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. எனவே அடுத்த வாரம் தோலும் பசையும். பீப்பாய் வாசிக்கும் பிள்ளைகள் அதற்கடுத்த வாரம்.

அதற்குள் உங்கள் தெருவின் தையல்கடையில் ஒரு பை சிந்தி கேட்டு வாங்கி வையுங்கள். நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டுப் பார்த்து மட்டும் பிரியுங்கள்: நீள்வது, நீளாதது, சுருள்வது, நூல் பிரிவது. நான்கு குவியலையும் தனித்தனியே கட்டி வையுங்கள். அடுத்த வாரம் தோலை ஒட்டும்போது நான்கும் வேண்டியிருக்கும்.

(தொடரும்)