கடல் இல்லாத ஊரிலிருந்து கடலோர வீட்டுக்கு... தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி!

அரியலூர் மாவட்டம், ஆலத்தியூர். சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும்தான் எங்கள் ஊரின் அடையாளம். இந்தப் பக்கம் கிடைக்கும் கற்களில் கிளிஞ்சல் பதிந்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்ததற்கு அதுதான் சாட்சி. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் இருக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரமும் அந்தக் கடலில் படிந்து கல்லானதுதான். ஆனால், இன்றைக்குக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

மே மாத விடுமுறையில் அம்மா, சித்தி, ஏழாவது படிக்கும் சித்தி பையன், நான் என நான்கு பேர் ஜெயங்கொண்டம், அணைக்கரை, மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி கிளம்பினோம். "லாட்ஜெல்லாம் வேணாம்பா, குடும்பம் இருக்கிற வீடா பாரு" என்று அம்மா சொல்லிவிட்டதால், ஒரு குடும்பமே நடத்தும் தங்கும் வீட்டில் இடம் சொல்லியிருந்தேன்.

மெனு கார்டு கிடையாது!

கீழே அவர்கள் குடியிருக்கிறார்கள், மாடியில் இரண்டு அறைகள் விருந்தினருக்கு. ஆதார் நகலை வாங்கிக்கொண்ட அந்த வீட்டு அக்கா முதலில் கேட்டது, "ராத்திரிக்கு மீனா, சைவமா? இப்பவே சொல்லிடுங்க" என்பதுதான். ஹோட்டல் மாதிரி நினைத்த நேரத்தில் ஆர்டர் போட முடியாது. அவர்கள் வீட்டு அடுப்பில்தான் நமக்கும் உலை.

"வஞ்சிரம் கிடைக்குமா?" என்றார் சித்தி. அக்கா சிரித்தார். "இப்போ தடைக்காலம்மா. விசைப்படகு கடலுக்குப் போகாது. வஞ்சிரம் விலை எக்கச்சக்கம். ஃபைபர் படகுல வந்த நெத்திலி இருக்கு, குழம்பு வைக்கிறேன்." மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. கோடை விடுமுறையில் கடலோரம் போய் வகைவகையாக மீன் சாப்பிட நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அந்த நெத்திலிக் குழம்புக்கு அம்மா மூன்றாவது முறை சோறு வாங்கினார் என்பது தனிக்கதை.

அலை இல்லாத இடம்தான் ஆபத்து

சாயங்காலம் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். எங்களோடு அக்காவும் வந்தார். அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் அமைதியாக இருந்தது. "அங்க குளிக்கிறேன்" என்று தம்பி ஓடினான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தது அக்காதான்.

"அலை அடிக்கிற இடத்தைப் பார்த்து பயப்படுறீங்க. அலை இல்லாத இடத்தைப் பார்த்துதான் தம்பி பயப்படணும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கரைக்கு வந்த தண்ணீர் மொத்தமாகக் கடலுக்குத் திரும்பும் பாதை பெரும்பாலும் இப்படித்தான் அமைதியாகத் தெரியும். நன்றாக நீந்துபவரையும் அது உள்ளே இழுத்துவிடும். சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. பதறாமல் மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

2004 சுனாமியில் பெரும் பாதிப்பைச் சந்தித்த ஊர் இது. அங்கே வாழ்பவர்கள் 'இறங்காதே' என்றால் இறங்கக் கூடாது. எங்களைப் போன்ற உள்ளூர்ப் பகுதிக்காரர்களுக்கு, கடலோரக் குடும்பத்தோடு தங்குவதில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பே இந்த வார்த்தைதான்.

இடம் சொல்வதற்கு முன் கேளுங்கள்

* வீட்டுக்காரர்கள் அங்கேயே வசிக்கிறார்களா? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில், உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். 1 முதல் 6 அறைகள் வரைதான் வாடகைக்கு விடலாம்.
* குளியலறை தனியா, பொதுவா? கரன்ட் போனால் மாற்று ஏற்பாடு உண்டா?
* சாப்பாடு வாடகையில் சேர்த்தியா? எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்?
* இரவில் கதவு பூட்டும் நேரம் என்ன?
* வயதானவர்கள் வந்தால் கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா? எங்கள் அம்மா மாடிப்படியில் சிரமப்பட்டார். முன்பே கேட்காதது என் தப்பு.
* வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ள உறவினர் வருகிறார் என்றால் முன்பே சொல்லுங்கள். வீட்டுக்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. இது ஒரு குடும்பத்தின் வீடு. ராத்திரி சத்தமாகப் பாட்டுப் போடுவது, உப்புத் தண்ணீரும் மணலுமாக உள்ளே நுழைவது எல்லாம் வேண்டாமே!

மறுநாள் கிளம்பும்போது தம்பி கையில் ஒரு கிளிஞ்சல். கூடவே, எங்கள் ஊர்க் கல்லில் பதிந்த கிளிஞ்சலின் போட்டோவைப் போனில் காட்டினான்.

"உங்க ஊர்ல ஏது தம்பி கடல்?" என்றார் அக்கா.

"முன்னாடி இருந்துச்சுக்கா. இப்போ உங்க ஊருக்கு வந்துடுச்சு!"