நினைவுக் கிண்ணமா, மாதாமாதம் பஸ் காசா?

இறந்தவரை நாங்கள் இலேசில் மறப்பதில்லை. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்போம். ஆண்டுத் திவசத்துக்கு அன்னதானம் கொடுப்போம். விளையாட்டில் நாட்டமுள்ள பிள்ளையாக இருந்தால் அவன் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைத்துச் சுற்றுப்போட்டியும் நடத்துவோம். வெளிநாட்டு உறவுகள் காசு அனுப்புவார்கள். வென்ற கழகம் கிண்ணத்தை அலுமாரியில் வைக்கும். பெரும்பாலும் அது ஆண்பிள்ளைகளின் போட்டியாகவே இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் யுத்தத்தில் உறவுகளை இழந்த பெண்களோடு வேலை செய்பவள் நான். இந்தக் கிண்ணங்களைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. கொட்டாஞ்சேனையில் நான் போய்வரும் வீடொன்றில் தாய் 2009இல் கணவனை இழந்தவர், தையல் வேலை செய்கிறார். மகள் பாடசாலைக் காலத்தில் மாகாண மட்டம்வரை வலைப்பந்தாட்டம் ஆடியவள். சுகததாச உள்ளக அரங்கில் பெரிய போட்டி நடந்தால் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வெளிமாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. முதல் வருடத்தோடு விளையாட்டை விட்டுவிட்டாள்.

"மஹாபொல காசு போடிங்குக்கும் சாப்பாட்டுக்குமே காணாது மிஸ். பிராக்டிசுக்கு நிண்டால் இருட்டிப் போகும், ஓட்டோவிலைதான் திரும்ப வேணும். சப்பாத்துக்கு நான் எங்க போறது?" என்றார் தாய்.

1981இல் தொடங்கிய மஹாபொல, வருமானத்தையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பார்க்கிறதே தவிர விளையாட்டைப் பார்ப்பதில்லை. 'இனி என்ன விளையாட்டு, படிக்கட்டும்' என்று அயலவர்களும் சொன்னார்களாம். யாழ். மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர். கலாநிதிப் பட்டமும் பெற்றவர். அவரிடம் யாரும் இப்படிச் சொல்லியிருந்தால்?

கனடாவில் உறவுகள் உள்ள சகோதரிகள் ரெறி பொக்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கூடைப்பந்தாட்டம் ஆடிய பல்கலைக்கழக மாணவன். 1977இல் புற்றுநோயால் வலது காலை இழந்தான். 1980இல் பொய்க்காலுடன் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்த்து 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூனில், 22 வயதில் இறந்தான். கால் இழந்த பிள்ளைகளை வளர்த்த உங்களில் பலருக்கு அந்தப் பொய்க்காலின் வலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வருடமே கனடா அரசாங்கம் ஐம்பது இலட்சம் டொலர் முதலிட்டு அவன் பெயரில் ஒரு புலமைப்பரிசிலைத் தொடங்கியது. படிப்பு, விளையாட்டு, சமூகத் தொண்டு மூன்றையும் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார்கள். தகுதியைக் காத்துக்கொண்டால் நான்கு வருடம்வரை கிடைக்கும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த நான்கு வருடந்தான். ஒரு நாள் மேடையில் கொடுக்கும் காசோலை சப்பாத்து வாங்கும்; மூன்றாம் வருடத்துப் பஸ் காசாகாது.

இன்னொன்று. 1902இல் இறந்த செசில் ரோட்ஸின் உயிலால் ஏற்பட்ட ஒக்ஸ்போர்ட் புலமைப்பரிசிலும் விளையாட்டுக்கு இடம் கொடுத்ததுதான். ஆனால் 1977வரை பெண்களுக்கு அது இல்லை. நினைவு நிதி தொடங்குகிறவர்கள் பெண்பிள்ளைகளையும் முதலிலேயே எழுதி வையுங்கள்.

மகன் பெயரில் வருடாவருடம் உதைபந்தாட்டக் கிண்ணம் கொடுத்துவந்த வெள்ளவத்தைத் தாய் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு கனடாவிலுள்ள தம்பியோடு கதைத்து, அந்தக் காசைப் பன்னிரண்டாகப் பிரித்து, கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் கணக்குக்கே மாதாமாதம் போடுகிறார். மேடை வேண்டாம், படம் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பிள்ளை திரும்பப் பயிற்சிக்குப் போகிறாள். பத்தாயிரம் ரூபா கொடுத்துப் பத்துப் படம் எடுக்கும் காலத்தில் அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று.

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு ஒரு தகவல். குறைந்தபட்சத் தகுதியோடு சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளி போதாதவர்களில், விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதி ஏற்பாடு உண்டு. விபரம் வருடாந்த அனுமதிக் கைநூலில் இருக்கும். சான்றிதழ் இல்லாமல் அங்கே வாய் திறக்க முடியாது. இடப்பெயர்வில் காணி உறுதியைச் சுமந்த அதே பையில் பிள்ளையின் விளையாட்டுச் சான்றிதழையும் வையுங்கள். தொலைந்திருந்தால் பாடசாலையிலும் வலயக் கல்வி அலுவலகத்திலும் இப்போதே கேளுங்கள். விண்ணப்ப முடிவு திகதி நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.