அவரவர் வேலை அவரவருக்கு!

ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் பகுதிப் பெரியவர்களுக்குச் சுரங்க மணியோசை மறந்திருக்காது. 2001-ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடப்படும் வரை, ஆட்களை ஏற்றி இறக்கிய கூண்டு அந்த மணிக்குக் கட்டுப்பட்டே ஓடியது.

மேலே இயந்திரத்தை ஓட்டுபவருக்கு ஆழத்தில் நிற்கும் கூண்டு கண்ணில் படாது. கூண்டருகே இருப்பவர், எல்லோரும் ஏறிக் கதவு மூடியதைப் பார்த்த பிறகே மணி கொடுப்பார். மணி எத்தனை என்று எண்ணி, அதன்படி இவர் இயந்திரத்தை ஓட்டுவார். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பல உயிர்கள் இந்த ஒழுங்கை நம்பியே இறங்கின.

இன்று ரயிலேறி பெங்களூர் சென்று கம்ப்யூட்டர் துறையில் பணியாற்றும் நம் இளைஞர்களுக்கும் இதே நியதிதான். ஒவ்வொரு பொறுப்பையும் தனித்தனியே பிரித்து ஆராய வேண்டும் என்று டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1974-இல் எழுதினார்.

ரயில் டிக்கெட்டே சாட்சி

டிக்கெட் முன்பதிவில் மூன்று வேலைகள் உண்டு. பயணியிடம் விவரம் கேட்பது ஒன்று. கட்டணம், காத்திருப்போர் பட்டியல் ஆகிய விதிகளைப் பார்ப்பது இரண்டாவது. எந்தப் படுக்கை யாருக்கு என்று கணக்கு வைப்பது மூன்றாவது.

1980-களின் நடுவில் டில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியபோது பயணிக்குக் கவுண்டர் ஒன்றே வாசல். 2002-இல் இன்டர்நெட் டிக்கெட் வந்தது. அதற்காகப் படுக்கைக் கணக்கைப் புதிதாக எழுதவில்லை. இருந்த கணக்கிற்கே இன்னொரு வாசல் திறந்தார்கள். கணக்கு ஒன்றாக இருப்பதால்தான் ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படுவதில்லை.

மாறாக, கட்டண விதியைக் கவுண்டர் திரையில் ஒருமுறை, இன்டர்நெட்டில் ஒருமுறை, செல்போனில் ஒருமுறை என்று எழுதி வைத்தால் என்ன ஆகும்? கட்டணம் மாறும் நாளில் மூன்றையும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், ஒரே ரயிலில் ஒரே வகுப்புக்கு ஆளுக்கொரு கட்டணம் வசூலாகும். நஷ்டம் பயணிக்கு, பழி புரோகிராம் எழுதியவருக்கு!

மாணவர்களுக்கு ஒரு சொல்

அதற்காகப் பத்து வரி வேலையைப் பத்தாகக் கூறுபோடத் தேவையில்லை. 'இந்த விதி நாளை மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்?' என்று எழுதுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே இடம் என்று பதில் வந்தால் பிரிவினை சரி. பல இடங்கள் என்றால், அன்றே பிரித்து எழுதுவது நல்லது. பிறகு பிரிப்பது பெரும்பாடு.