புகை எங்கே போனது?

1971-லும் 1972-லும் அமெரிக்க விண்வெளி வீரர்கள் சிலர் கனடாவின் சட்பரி நகரத்துக்கு வந்தார்கள். ஜான் யங், சார்லஸ் டியூக், யூஜின் செர்னான், ஹாரிசன் ஷ்மிட் ஆகிய நால்வரும் அவர்களில் உண்டு. பிறகு நால்வருமே நிலவில் நடந்தார்கள். அப்போது சட்பரியைச் சுற்றி மரமில்லை, புல்லில்லை. எங்கு பார்த்தாலும் கன்னங்கரேல் என்ற பாறைதான். ‘ஊரே நிலா மாதிரி மொட்டையாக இருக்கிறது, அதனால்தான் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள்’ என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

காரணம் அதுவல்ல. சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெரிய விண்கல் விழுந்தது. அந்த அடியில் நொறுங்கிய பாறைகளைத்தான் அவர்கள் பார்க்க வந்தார்கள். நிலவிலும் அப்படிப்பட்ட கற்கள் கிடக்கும் அல்லவா?

விண்கல் மோதிய சூட்டில் பாறை உருகிக் குழம்பானது. அது ஆறியபோது நிக்கலும் செம்பும் கந்தகத்தோடு சேர்ந்து அடியில் தங்கிவிட்டன. 1883-ல் ரயில் பாதைக்காக நிலத்தை வெட்டியவர்கள் கண்ணில் அந்தத் தாது பட்டது. சுரங்கம் வந்தது, உருக்காலை வந்தது, ஊரும் வந்தது. நிக்கல் உங்களுக்குத் தெரியாத ஆள் இல்லை. நல்ல எவர்சில்வரில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அதுதான்.

நிலத்தை மொட்டையடித்தது கந்தகம். தாதுவிலிருந்து உலோகம் வேண்டுமென்றால் அதிலுள்ள கந்தகத்தை எரித்து விரட்ட வேண்டும். பட்டாசு வெடித்ததும் மூக்கில் ஏறி இருமல் வருமே, அந்த நெடியில் இருப்பதும் எரிந்த கந்தகம்தான். அந்த வாயுவின் பெயர் கந்தக டை ஆக்சைடு.

தொடக்கக் காலத்தில் வெட்டவெளியிலேயே விறகை அடுக்கி, அதன்மேல் தாதுவைக் குவித்துத் தீ வைத்தார்கள். ஒரு குவியல் எரிந்து அடங்க மாதக்கணக்கில் ஆகும். விறகுக்காக மரங்கள் போயின. தரையோடு தவழ்ந்த புகையில் மிச்சமிருந்த செடிகளும் கருகின. பிடித்துக்கொள்ள வேர் இல்லாததால் மழை வந்து மண்ணை வழித்துக்கொண்டு போனது. வெளியே தெரிந்த பாறை புகையும் அமிலமும் பட்டுக் கறுத்தது. அதன் சொந்த நிறம் சாம்பலும் இளஞ்சிவப்பும் என்றால் அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்!

1929-ல் திறந்தவெளி எரிப்பு நின்றது. ஆனால் உருக்காலைகள் பெருத்துக்கொண்டே போயின. 1960-களில் ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடு வெளியே வந்தது. ஊர்க்காரர்களுக்கு மூச்சுவிடவே சிரமம். என்ன செய்வது?

புகைபோக்கியை உயர்த்திவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 381 மீட்டர்! நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கூரை உயரம் எவ்வளவோ அவ்வளவு. கட்டிக்கொண்டிருந்தபோதே, 1970 ஆகஸ்ட் 20 அன்று, சட்பரியைச் சூறாவளி தாக்கியது. ஆறு பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் புகைபோக்கியின் உச்சியில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். காற்றில் புகைபோக்கி ஆடியது. அவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எல்லோருமே உயிர் பிழைத்தார்கள்.

1972-ல் அது வேலைக்கு வந்தது. ஊர்க் காற்று தெளிந்தது. ஆனால் புகை எங்கே போனது? மேலே போய்க் காற்றோடு நெடுந்தூரம் பயணம் செய்தது. வழியில் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகி, மழையாகவும் பனியாகவும் இறங்கியது.

இதற்கான எச்சரிக்கை முன்பே வந்துவிட்டது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சட்பரிக்குத் தென்மேற்கே கில்லார்னி என்ற இடத்தில் ஏரிகள் உண்டு. ஹரோல்டு ஹார்வி என்ற ஆய்வாளர் 1966-ல் அங்குள்ள லம்ஸ்டன் ஏரியில் சால்மன் குஞ்சுகளை விட்டார். மறுபடி வந்து தேடினால் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அமிலமாகியிருந்தது. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து எடுத்துவரும். அந்த அலுமினியம் மீனின் செவுளைக் கெடுத்துவிடும். ஏரிகள் அமிலமாகி மீன்கள் அழிவதை அவரும் ரிச்சர்டு பீமிஷ் என்ற ஆய்வாளரும் 1972-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். புகைபோக்கி வேலைக்கு வந்த அதே ஆண்டு! சட்பரி உருக்காலைகளால் பாதிக்கப்பட்ட ஏரிகள் சுமார் 7,000 என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

இனி அனுப்பிவைத்துப் பயனில்லை; கந்தகத்தைப் பிடித்தாக வேண்டும். 1985-ல் ஒன்டாரியோ அரசு சட்டம் போட்டது: அந்தப் புகைபோக்கி நின்ற உருக்காலை 1994-க்குள் தன் கந்தக டை ஆக்சைடை ஆண்டுக்கு 2,65,000 டன்னுக்கு மேல் போகாமல் குறைக்க வேண்டும்.

அதற்குக் கண்டுபிடித்த வழிகளில் எனக்குப் பிடித்தது, உலைக்கு வெளியே நடக்கும் வேலை. தாதுவில் பிரோட்டைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. அதில் கந்தகம் நிறைய, நிக்கல் கொஞ்சம். அதற்கு இன்னொரு குணமும் உண்டு: காந்தத்தில் ஒட்டும். தாதுவைப் பொடியாக்கிக் காந்தத்தைக் காட்டினால் பிரோட்டைட்டில் பெரும்பங்கு பிரிந்து வந்துவிடும். எரிக்காத கந்தகம் புகையாகாது, அவ்வளவுதான்!

மிச்சக் கந்தகம் எரியத்தான் செய்யும். சாதாரணக் காற்றில் எரித்தால் புகை நீர்த்துப்போய்விடும், அதிலிருந்து கந்தகத்தைப் பிடிப்பது கஷ்டம். ஆக்சிஜனை ஊதி எரித்தால் வாயு அடர்த்தியாக வரும். அதைக் கந்தக அமிலமாக மாற்றி டாங்கர்களில் விற்கலாம். ஏரியில் விழ வேண்டியது உரத் தொழிற்சாலைக்குப் போகிறது.

நிலத்தின் கதை வேறு. 1978-ல் தொடங்கி, வேலையிழந்த தொழிலாளர்களும் கோடை விடுமுறை மாணவர்களும் சுண்ணாம்புக்கல் பொடி மூட்டைகளைத் தோளில் சுமந்து மேட்டில் ஏறினார்கள். வண்டி போகாத பாறைச் சரிவு அது. கையால்தான் தூவ வேண்டும். சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தை முறித்தது. பிறகு புல் விதை, தீவன விதை, அப்புறம் பைன் கன்றுகள். இதுவரை ஒரு கோடிக்கும் மேல் மரங்கள் நட்டிருக்கிறார்கள். இருந்தும் மண்ணில் படிந்த நிக்கலும் செம்பும் அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றை அகற்றச் சுண்ணாம்பால் முடியாது. மீன்கள் சில ஏரிகளுக்குத் திரும்பிவிட்டன, சிலவற்றுக்கு இன்னும் இல்லை.

2018-ல் மேலும் ஒரு பெரிய சுத்திகரிப்புத் திட்டம் முடிந்தது. 1960-களில் வந்ததில் நூற்றில் ஐந்து பங்குகூட இப்போது வருவதில்லை. அதன்பின் ஒரு வேடிக்கை. இவ்வளவு குறைந்த புகையை 381 மீட்டர் மேலே ஏற்ற வேண்டுமென்றால், எரிவாயுவைச் செலவழித்து அதைச் சூடாக்க வேண்டியிருந்தது! வீண் செலவு. 2020-ல் அந்தப் புகைபோக்கியை மூடிவிட்டார்கள். அதன் இடத்தில் இப்போது வேலை செய்வது 137 மீட்டர் உயரமுள்ள இரண்டு புகைபோக்கிகள்.