குறட்டை விடுவது யார்?

"நானாவது, குறட்டை விடுவதாவது!" என்று சொல்லாத கணவர் எவரும் இந்தப் பூவுலகில் இருப்பதாகத் தெரியவில்லை. மனைவிமார்களும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் அல்ல. குற்றம் நடக்கும் வேளையில் குற்றவாளி ஆழ்ந்த நித்திரையில் இருக்கிறார். சாட்சியோ விடிய விடிய விழித்திருந்தவர். அப்படியிருந்தும் வழக்கில் தோற்பது என்னவோ சாட்சிதான்!

ஆகையால், உங்கள் காதாலேயே கேட்டுவிடுங்கள். செல்போனில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறதல்லவா? படுக்கப் போகும்போது அதை முடுக்கிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள். மின்விசிறிக்கு நேரே வைத்தால் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும். ஒரே இரவில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மூன்று நான்கு இரவுகள் பாருங்கள். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து வழி குறுகுகிறது. அந்தச் சந்தில் மூச்சு புகுந்து புறப்படும்போது மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. மல்லாந்து படுத்தாலோ நாக்கும் பின்னால் சரிகிறது. அதனால்தான் ஒருக்களித்துப் படுத்த இரவில் பரம சாதுவாக இருந்தவர் மறுநாள் இரவு கும்பகர்ணன் ஆகிறார். ஜலதோஷமும் மதுவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

தனியாக வசிப்பவர்களுக்கு வேறு தடயங்களும் உண்டு: காலையில் நாக்கு வறண்டிருக்கும், தலை கனக்கும். ரயிலில் எதிர் பெர்த்துக்காரர் விடிந்ததும் உங்களைப் பார்க்கும் பார்வையும் நல்ல தடயமே!

பதிவைக் கேட்கும்போது சத்தத்தைவிட நிசப்தத்தை அதிகம் கவனியுங்கள். வேடிக்கை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கிறதா? 10 விநாடிக்கு மேல் ஒரு சத்தமும் இல்லையா? பிறகு திணறலுடன் மூச்சு வாங்குகிறதா? தொண்டை அடைபட்டு மூச்சே நின்றிருக்கலாம். 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள் இதை. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி எழுப்புகிறது. காலையில் உங்களுக்கு ஒன்றுமே நினைவிருக்காது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறும். பகலில், அதிலும் காரோட்டும்போது, கண்ணைச் சுழற்றும்.

சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போங்கள். பதிவையும் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தில் படுப்பவரை அழைத்துப் போவது அதைவிட உத்தமம். இரவு முழுவதும் தலையிலும் மார்பிலும் விரலிலும் கருவிகளைப் பொருத்திச் சோதிப்பார்கள். மூச்சுத் தடை மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் பாதகமில்லை. 30-ஐத் தொட்டால் கடுமை.

கடுமை என்றாலும் கலங்க வேண்டாம். சிட்னி நகரத்து டாக்டர் காலின் ஸல்லிவன் 1981-ல் உலகுக்கு அறிவித்த உபாயம் இருக்கிறது: முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் இயந்திரம். அதுவும் இரவில் லேசாக இரையும்தான். ஆனால் சிலருடைய குறட்டைக்கு முன்னால் அது வெறும் வண்டின் ரீங்காரம்!