சபாநாயகர் நாற்காலி யாருக்கு?

உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகக் கூட்டத்தில் தலைவர் நாற்காலிக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் கூட்டம் நடக்குமா? நம் பேராக் மாநிலச் சட்டமன்றத்தில் 2009 மே 7-ஆம் தேதி ஏறக்குறைய அதுதான் நடந்தது.

சட்டமன்றத்தில் யார் பேசலாம், எந்தத் தீர்மானம் விவாதத்துக்கு வரலாம், ஒழுங்கை மீறியவரை என்ன செய்வது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் சபாநாயகர். அதனால்தான் புதிய அவை கூடியதும் முதல் வேலையாக அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓர் உறுப்பினர் பெயரை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிவார். நாடாளுமன்ற மக்களவையில் ஒரே ஒரு பெயர் வந்தால் போட்டியின்றித் தேர்வு. ஒன்றுக்கு மேல் வந்தால் வாக்கெடுப்பு. 2022 டிசம்பரில் அப்படி நடந்த போட்டியில் ஜொஹாரி அப்துல் 147 வாக்குகளும் ராய்ஸ் யாத்திம் 74 வாக்குகளும் பெற்றனர். சபாநாயகராக வருபவர் தேர்தலில் வென்றவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

2008 பொதுத் தேர்தலில் பேராக்கின் 59 தொகுதிகளில் பக்காத்தான் ராக்யாட் 31, தேசிய முன்னணி 28 இடங்களை வென்றன. துரோனோ சட்டமன்ற உறுப்பினர் வி. சிவகுமார் சபாநாயகர் ஆனார். மலேசியாவில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். ரப்பர் தோட்டங்களும் ஈய லம்பங்களும் நிறைந்திருந்த ஒரு மாநிலத்தில், நம்மவர்களுக்கு அது பெருமையான நாள்.

2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் பக்காத்தானை விட்டு விலகியதும் ஆட்சி மாறியது. சம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசார் ஆனார். ஆனால் நாற்காலியில் இருந்தவர் சிவகுமார்தான். சம்ரியையும் ஆறு ஆட்சிக்குழு உறுப்பினர்களையும் அவர் இடைநீக்கம் செய்தார். அது செல்லாது என்று பின்னர் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச் 3-ஆம் தேதி சட்டமன்றக் கதவுகள் பூட்டிக் கிடந்ததால், ஈப்போவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியிலேயே அவர் அவசரக் கூட்டத்தை நடத்தினார். அதுவே பிறகு 'மக்களாட்சி மரம்' என்று பெயர் பெற்றது.

மே 7-ஆம் தேதி அவை கூடியபோது, புதிய பெரும்பான்மையினர் சிவகுமாரை நீக்கி ஆர். கணேசனைத் தேர்ந்தெடுத்தனர். கணேசன் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்லர். தம் நீக்கத்தை சிவகுமார் ஏற்கவில்லை. நாற்காலியை விட்டும் எழவில்லை. இறுதியில் அவரை அவையிலிருந்து வெளியே இழுத்துச் சென்றனர். தொடக்கவுரை ஆற்ற வந்திருந்த ராஜா மூடா ராஜா நஸ்ரின் ஷா பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. சம்ரியே சட்டப்படியான மந்திரி பெசார் என்று 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் முடிவு கூறியது.

யார் பக்கம் நியாயம் என்று நம் வீட்டுத் திண்ணைகளில் இன்றும் வாதம் ஓடும். மாணவர்களே, நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பான்மை போதும். ஆனால் அவர் சொல்லுக்கு அவை கட்டுப்பட வேண்டுமானால், அவரை ஆதரிக்காத தரப்பும் அவரை நம்ப வேண்டும். அன்று காணாமல் போனது அந்த நம்பிக்கைதான்.

அடுத்த கழகத் தேர்தலில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையோடு, அவரை நீக்கும் முறையையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரு தரப்பும் நட்போடு இருக்கும்போதுதான் அதை எழுதுவது எளிது.